பறக்கும்போதே இன்ஜினை ஆஃப் பண்ணினா என்ன ஆகும்? - ஒரு ஸ்பார்க்கை நம்பி வானத்தில் நடக்கும் சோதனை

கடமலைக்குண்டு தாண்டி மயிலாடும்பாறை போற ரோடு. மதியம் ரெண்டு மணி வெயில். அப்பாவோட பழைய பைக் திடீர்னு இருமி, நின்னுடுச்சு. கிக்கரை எத்தனை உதைச்சும் பலனில்லை. மரத்தடியில் கால் மணி நேரம் நிறுத்திட்டு மறுபடி உதைச்சா, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆச்சு. ரெண்டு கிலோமீட்டர் போனதும் மறுபடி அதே கதை. கடைசியில் மயிலாடும்பாறை மெக்கானிக் கடை வரைக்கும் தள்ளிக்கிட்டுத்தான் போனேன்.

மெக்கானிக் அண்ணன் பிளக்கைக் கழற்றி, கேப்போடு இன்ஜின் ஹெட் மேல வெச்சார். "தம்பி, உதை" என்றார். உதைச்சேன். பிளக் முனையில் ஒரு மங்கலான பொறி வந்தது. அடுத்த உதைக்கு அதுவும் இல்லை. "சிடிஐ போச்சு. சூடானா செத்துடும், ஆறினா பொழச்சுக்கும். இந்த மாதிரி வியாதியைக் கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம்" என்றார்.

பைக்கை ஓரம் கட்டித் தள்ளலாம். இதே வியாதி, எட்டாயிரம் அடி உயரத்தில் பறக்கிற ஒரு குட்டி விமானத்துக்கு வந்தா? அங்கே ஓரமும் இல்லை, தள்ளவும் முடியாது.

அதனாலதான் விமான இன்ஜினின் இக்னிஷன் சிஸ்டத்தைச் சோதிக்கிறது தனி உலகமா இருக்கு. அந்தச் சோதனைகளின் உச்சம், 2022-ல் நம்ம பக்கத்து மாநிலத்தில் நடந்தது. பறந்துகொண்டிருந்த விமானத்தின் இன்ஜினை பைலட்டுகளே வேண்டுமென்றே ஆஃப் செய்தாங்க. எதுக்கு? கொஞ்சம் பொறுமையா அடிப்படையில் இருந்து பார்ப்போம்.

விமானத்திலும் பைக் இன்ஜின்தானா?

ஏறக்குறைய ஆமாம். ஏர்பஸ், போயிங் எல்லாம் ஜெட் இன்ஜின். அதில் ஒருமுறை பற்றிய தீ, எரிபொருள் வரும் வரை தானாக எரிந்துகொண்டே இருக்கும். ஆனால் பைலட் பயிற்சிக்குப் பயன்படும் செஸ்னா 172 போன்ற சின்ன விமானங்களில் இருப்பது பிஸ்டன் இன்ஜின். நம்ம பைக், கார் மாதிரியே எரிபொருளும் காற்றும் உள்ளே போகணும், பிஸ்டன் அழுத்தணும், பிளக் பொறி விடணும், வெடிக்கணும். அதாவது ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு புது ஸ்பார்க் வேணும்.

ஒரு சின்னக் கணக்கு. நான்கு சிலிண்டர் விமான இன்ஜின் நிமிஷத்துக்கு 2,400 முறை சுற்றுதுன்னு வெச்சுக்கோங்க. ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். ஆக, நிமிஷத்துக்கு 4,800 வெடிப்புகள். விமானத்தில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக் என்பதால், 9,600 பொறிகள். ஒரு மணி நேரப் பயிற்சியில் ஐந்தே முக்கால் லட்சம் பொறிகள். இதில் எத்தனை தவறலாம்? ஒண்ணு ரெண்டு தவறினால் இன்ஜின் லேசாக உதறும். தொடர்ந்து தவறினால், கீழே வயக்காடு தேட வேண்டியதுதான்.

எதுக்கு ரெண்டு பிளக்?

முதல் காரணம், காப்பு. ஒரு பிளக் வரிசை மொத்தமாகச் செத்தாலும் இன்னொரு வரிசை இன்ஜினை ஓட்டும். இரண்டு வரிசைக்கும் தனித்தனி இக்னிஷன். ஒன்றுக்கும் மற்றதுக்கும் சம்பந்தமே இருக்காது.

இரண்டாவது காரணம், எரியும் வேகம். விமான இன்ஜினின் சிலிண்டர்கள் அகலமானவை. இரண்டு பக்கமும் பற்ற வைத்தால் தீ சீக்கிரம் பரவும். அதனால்தான் ஒரு பக்கத்தை அணைத்தால் இன்ஜின் நிற்காது, ஆனால் வேகம் கொஞ்சம் குறையும். இந்தக் குறைவுதான் சோதனையின் சாவி. அதற்குக் கீழே வருவோம்.

மேக்னெட்டோ: நூறு வயசைத் தாண்டிய தாத்தா

1903-ல் ரைட் சகோதரர்கள் பறந்த விமானத்திலேயே மேக்னெட்டோ இருந்தது. இன்றைக்கும் பெரும்பாலான பயிற்சி விமானங்களில் இருப்பது அதன் வாரிசுகள்தான். ஒரு காந்தம் சுற்றும், பக்கத்தில் இருக்கும் காயிலில் மின்சாரம் பிறக்கும், பாயின்ட் திறக்கும் நொடியில் அது உயர் அழுத்தமாக மாறி பிளக்குக்குப் போகும். பேட்டரியே வேண்டாம். விமானத்தின் மொத்த மின்சாரமும் போனாலும் இன்ஜின் ஓடும். இதைவிடப் பெரிய நிம்மதி ஒரு பைலட்டுக்குக் கிடையாது.

அப்புறம் எதுக்கு எலக்ட்ரானிக் இக்னிஷன்?

ஏன்னா மேக்னெட்டோவுக்கு ஒரே ஒரு நேரம்தான் தெரியும். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு, உதாரணத்துக்கு 25 டிகிரி முன்னால் பொறி விடணும்னு செட் பண்ணினால், எந்த உயரத்திலும் எந்த வேகத்திலும் அதே 25 டிகிரிதான். பாயின்ட் தேயும், செட்டிங் மெல்ல நகரும். வழக்கமாக 500 மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்கணும்.

நேரத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

பொறி விட்டதும் உடனே 'டப்'புன்னு வெடிச்சிடும்னுதான் நினைக்கிறோம். உண்மையில் தீ பரவ நேரம் எடுக்கும். அதனால் பிஸ்டன் உச்சியைத் தொடும் முன்பே பற்ற வைத்தால்தான், உச்சியைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கும்போது அழுத்தம் உச்சத்தில் இருக்கும். அப்போதுதான் தள்ளுவிசை முழுசா கிடைக்கும்.

2,400 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 25 மில்லி செகண்ட். அதில் 25 டிகிரி என்பது ஒண்ணே முக்கால் மில்லி செகண்ட். இந்த இடைவெளியில் நடக்கும் சின்னப் பிசகுதான் எல்லாப் பிரச்னைக்கும் மூலம்.

- பொறி தாமதமானால்: சக்தி குறையும். எரிந்து முடியாத சூடு எக்ஸாஸ்ட் வழியா வெளியே போகும்.
- பொறி அதிகம் முந்தினால்: ஏறிவரும் பிஸ்டனை எதிர்த்தே வெடிப்பு அழுத்தும். சிலிண்டர் ஹெட் சூடாகும். ரொம்ப முந்தினால், மீதமுள்ள கலவை தானாகவே ஒரேயடியாக வெடிக்கும். பைக்கில் 'நாக்கிங்' என்கிறோமே, அதேதான். பிஸ்டனில் ஓட்டையே விழலாம்.

இப்போ உயரத்தைச் சேர்த்துக்கோங்க. சின்னமனூரில் இருந்து மேகமலைக்கு பைக்கில் ஏறியவர்களுக்குத் தெரியும், மேலே போகப் போக வண்டிக்கு மூச்சு வாங்கும். காற்றழுத்தம் குறைவதுதான் காரணம். எட்டாயிரம் அடியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட சுமார் கால் பங்கு குறைவு. கலவை நெருக்கமில்லாமல் இருக்கும்போது தீ மெதுவாகப் பரவும். அப்போ இன்னும் முன்னாடியே பற்ற வைக்கணும். மேக்னெட்டோவால் அது முடியாது. எலக்ட்ரானிக் இக்னிஷனால் முடியும். சென்சார்கள் இன்ஜின் வேகத்தையும், உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தையும் பார்த்து, 'இப்போ இத்தனை டிகிரி'ன்னு ஒவ்வொரு வெடிப்புக்கும் முடிவு செய்யும். எரிபொருள் மிச்சம், ஸ்டார்ட்டிங் சுலபம், தேய்மானம் குறைவு.

பதிலுக்கு அது கேட்கும் விலை? பல சிஸ்டங்களுக்கு மின்சாரம் வேணும். எலக்ட்ரானிக்ஸுக்குச் சூடும் அதிர்வும் ஆகாது. நம்ம பைக் சிடிஐ மாதிரியே, ஆறியிருக்கும்போது நல்லா இருந்து, சூடானதும் கைவிடும் ஆபத்து உண்டு. அதனால்தான் இங்கே சோதனை இன்னும் கடுமையா இருக்கணும்.

தரையில் என்னென்ன சோதிப்பாங்க?

முதல் படி, இன்ஜின் ஓடாமலேயே. முதல் சிலிண்டரின் பிஸ்டன் சரியாக உச்சியில் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துக் குறிப்பாங்க. எல்லா டிகிரிக் கணக்கும் இங்கிருந்துதான் தொடங்கும். இந்தப் புள்ளி இரண்டு டிகிரி தப்பினால், மேலே உள்ள கம்ப்யூட்டர் எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும் எல்லாப் பொறியும் இரண்டு டிகிரி தப்பு.

இரண்டாவது, டைமிங் லைட். பொறி விழும் நொடியில் மட்டும் மின்னும் விளக்கு. ஓடும் இன்ஜினின் குறி மேல் அடித்தால், குறி அப்படியே நின்ற மாதிரி தெரியும். கம்ப்யூட்டர் சொன்ன டிகிரியும் கண்ணில் தெரியும் டிகிரியும் ஒன்றா என்று பார்க்கலாம். கண் முன்னால் புரொப்பெல்லர் சுற்றும்போது செய்யும் வேலை, அதனால் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டுமே.

மூன்றாவது, ரன்-அப். ஒவ்வொரு பயிற்சிப் பறத்தலுக்கும் முன்னால் மாணவர்கள் செய்வது இது. செஸ்னா 172எஸ்-ல் இன்ஜினை 1,800 ஆர்பிஎம்முக்கு உயர்த்தி, முதலில் ஒரு மேக்னெட்டோவில் மட்டும், பிறகு இன்னொன்றில் மட்டும் ஓட்டிப் பார்ப்பாங்க. வேகம் 150 ஆர்பிஎம்முக்கு மேல் குறையக் கூடாது. இரண்டுக்கும் இடையே வித்தியாசம் 50-ஐத் தாண்டக் கூடாது. எலக்ட்ரானிக் இக்னிஷன் கொண்ட ரோட்டாக்ஸ் 912 இன்ஜின் வேகமாகச் சுற்றும் வகை. அதில் 4,000 ஆர்பிஎம்மில் சோதனை. 300 வரை குறையலாம், வித்தியாசம் 115-க்குள் இருக்கணும்.

இங்கேதான் ஒரு சுவாரஸ்யம். வேகம் குறையவே இல்லைன்னா? 'சூப்பர், இன்ஜின் செம கண்டிஷன்'னு சந்தோஷப்படக் கூடாது. நீங்க ஆஃப் பண்ணினதா நினைச்ச பக்கம் ஆஃப் ஆகவே இல்லைன்னு அர்த்தமா இருக்கலாம். மேக்னெட்டோவை அணைப்பது என்பது அதை எர்த் செய்வது. அந்த வயர் அறுந்திருந்தால் சுவிட்சை எத்தனை திருப்பினாலும் அது உயிரோடதான் இருக்கும். சாவியை எடுத்துட்டு இறங்கி, யாரோ புரொப்பெல்லரைக் கையால் லேசாகத் திருப்பினால் போதும், இன்ஜின் உதைத்துவிடும். அதனால்தான் நிற்கும் விமானத்தின் புரொப்பெல்லரைத் தொடாதேன்னு முதல் நாளே சொல்லித் தருவாங்க.

நான்காவது, எக்ஸாஸ்ட் வெப்பம். ஒரு பக்க இக்னிஷனை அணைத்தால் தீ மெதுவாக எரியும், எக்ஸாஸ்ட்டில் சூடு ஏறும். எல்லா சிலிண்டரிலும் ஏறினால் நல்லது. ஒரே ஒரு சிலிண்டரில் மட்டும் ஏறாமல் சரிந்தால், அந்த சிலிண்டரில், இப்போ ஓடிக்கொண்டிருக்கும் பக்கத்து பிளக்தான் குற்றவாளி. மெக்கானிக் பிளக்கைக் கழற்றாமலேயே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும்.

தரையில் பாஸ் ஆனா போதாதா?

போதாது. தரையில் காற்று அடர்த்தி, குளிர்ச்சி, அதிர்வு எல்லாமே வேறு. அதனால் புது இன்ஜினோடு ஒரு புது விமானம் வரும்போது, மேலே கொண்டுபோய்த்தான் நிரூபிக்கணும்.

பெங்களூரில் உள்ள சிஎஸ்ஐஆர்-என்ஏஎல், அதாவது தேசிய விண்வெளி ஆய்வகம், ஹன்சா என்ற இரண்டு இருக்கைப் பயிற்சி விமானத்தை உருவாக்கியது. முதல் ஹன்சா 1993 நவம்பரில் பறந்தது. அதன் புதிய தலைமுறைதான் ஹன்சா-என்ஜி. இதில் இருப்பது ஆஸ்திரிய நிறுவனமான ரோட்டாக்ஸின் 912 ஐஎஸ் வகை இன்ஜின். எரிபொருள், பொறி இரண்டையும் கம்ப்யூட்டரே கட்டுப்படுத்தும். அந்தக் கம்ப்யூட்டருக்குள் 'லேன் ஏ', 'லேன் பி' என்று இரண்டு தனித்தனிப் பாதைகள். ஒன்று செத்தால் மற்றது ஓட்டும். மின்சாரம் தயாரிக்க இன்ஜினுக்குள்ளேயே இரண்டு ஜெனரேட்டர்கள். இன்ஜினுக்கான ஜெனரேட்டர் பழுதானால், விமானத்தின் மற்ற கருவிகளுக்கான ஜெனரேட்டர் இன்ஜினுக்கு மாறிக்கொள்ளும். விளக்கு அணைந்தாலும் பரவாயில்லை, இன்ஜின் நிற்கக் கூடாது என்ற கணக்கு.

ஹன்சா-என்ஜி 2021 செப்டம்பர் 3-ல் முதன்முதலாகப் பறந்தது. 2022 பிப்ரவரி 19-ல் பெங்களூரில் இருந்து 140 நாட்டிகல் மைல் பறந்து புதுச்சேரிக்கு வந்தது. கடல் மட்டத்தில், அடர்த்தியான காற்றில் இன்ஜின் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கணும் இல்லையா? அங்கே 18 மணி நேரம் பறந்துவிட்டு மார்ச் 5-ல் திரும்பியது.

அடுத்ததுதான் பெரிய பரீட்சை.

2022 மே 17, சல்லகெரே

கர்நாடகாவின் சித்ரதுர்கா மாவட்டத்தில் சல்லகெரே. அங்கே டிஆர்டிஓவின் விமானச் சோதனைக் களம் இருக்கு. இந்திய விமானப் படையின் சோதனைப் பிரிவைச் சேர்ந்த விங் கமாண்டர்கள் கே.வி.பிரகாஷ், என்.டி.எஸ்.ரெட்டி இருவரும் ஹன்சா-என்ஜியை 7,000 முதல் 8,000 அடி உயரத்துக்குக் கொண்டுபோனாங்க. வேகம் 60 முதல் 70 நாட், அதாவது மணிக்குச் சுமார் 110 முதல் 130 கிலோமீட்டர். நம்ம பைபாஸில் கார் போகும் வேகம்தான்.

அங்கே இன்ஜினை நிறுத்தினாங்க.

பிறகு இரண்டு வழிகளில் உயிர்ப்பித்துப் பார்த்தாங்க. ஒன்று, எதிர்க்காற்றில் தானாகச் சுற்றும் புரொப்பெல்லரை வைத்தே ஸ்டார்ட் செய்வது. பேட்டரி இறங்கிய பைக்கைத் தள்ளி ஸ்டார்ட் செய்வோமே, அந்த மாதிரி. இன்னொன்று, ஸ்டார்ட்டர் மோட்டார் உதவியோடு. இரண்டுமே வெற்றி.

இதில் சோதிக்கப்பட்டது ஒரு பொறி மட்டும் இல்லை. இன்ஜின் நின்றதும் ஜெனரேட்டர்களும் ஓய்ந்துவிடும். அப்போ கம்ப்யூட்டர் விழித்திருக்கணும்னா பேட்டரி கைகொடுக்கணும். எரிபொருள் பம்ப் ஓடணும். சென்சார் சரியான இடத்தைச் சொல்லணும். கடைசியாக, சரியான நேரத்தில் பொறி விழணும். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் மறு ஸ்டார்ட் கிடையாது.

இதுக்கு ஏன் இவ்வளவு பயம்?

ஏன்னா இதே மாதிரி ஒரு சோதனையில் மூன்று பேரை இழந்திருக்கோம்.

2009 மார்ச் 6. என்ஏஎல் உருவாக்கிய சரஸ் என்ற விமானத்தின் இரண்டாவது மாதிரி, பெங்களூர் அருகே பிடதி பக்கத்தில் விழுந்தது. விங் கமாண்டர் பிரவீன் கோட்டேகொப்பா, விங் கமாண்டர் தீபேஷ் ஷா, ஸ்குவாட்ரன் லீடர் இளையராஜா மூவரும் உயிரிழந்தாங்க. அன்றைக்கு அவங்க செய்துகொண்டிருந்ததும் இன்ஜினைப் பறக்கும்போதே நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்யும் சோதனைதான்.

சரஸ் வேறு வகை. இரண்டு டர்போப்ராப் இன்ஜின்கள் கொண்ட பெரிய விமானம். அதன் இக்னிஷன் முறையும் வேறு. ஆனால் விசாரணை சொன்ன காரணம் எல்லா விமானத்துக்கும் பொருந்தும். மறு ஸ்டார்ட்டுக்காக வடிவமைப்பாளர்கள் வகுத்துக் கொடுத்த நடைமுறையே தவறானது. அதைப் போதுமான உயரம் இல்லாத நிலையில் செய்ததால் விமானம் வேகமாக உயரம் இழந்தது. குறை கருவியில் மட்டும் இருக்கணும்னு இல்லை. எந்த வரிசையில், எந்த உயரத்தில், எந்த வேகத்தில் செய்யணும் என்ற காகிதத்திலும் இருக்கலாம்.

இதைத் தெரிந்துகொண்டு 2022 செய்தியைத் திரும்பப் படித்தால், '7,000 முதல் 8,000 அடி, 60 முதல் 70 நாட்' என்பது வெறும் புள்ளிவிவரமாகத் தெரியாது. எங்கே நிறுத்தலாம், எதுவரை முயற்சி செய்யலாம், எப்போது கைவிட்டுத் தரையிறங்கணும் என்று முன்கூட்டியே போட்ட எல்லைகள் அவை.

நமக்கு இதில் என்ன இருக்கு?

பைலட் ஆகணும்னு நினைக்கிறவங்களுக்கு: ரன்-அப் சோதனையை அவசரமா முடிக்காதீங்க. பின்னால் பத்து விமானம் வரிசையில் நின்றாலும் பரவாயில்லை. எவ்வளவு குறைஞ்சது, இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு, நேற்றைக்கு எவ்வளவு இருந்தது என்று எண்ணைப் பாருங்க. 'ஓகேதான் போல' என்பது எண் இல்லை.

பைக் ஓட்டுறவங்களுக்கு: கடையில் 'ரேசிங் சிடிஐ' என்று விற்பதைப் பலர் மாட்டுறாங்க. அது செய்வதில் ஒன்று, பொறி நேரத்தை மாற்றுவது. ஆரம்பத்தில் வேகம் கிடைத்த மாதிரி இருக்கும். உங்க இன்ஜினுக்கு அந்த நேரம் பொருந்தலைன்னா, மலை ஏற்றத்தில் முழு த்ராட்டில் திருகும்போது கடகடன்னு சத்தம் கேட்கும். அது வேகத்தின் சத்தம் இல்லை, பிஸ்டன் அடி வாங்கும் சத்தம். சான்றிதழ் பெற்ற விமான இன்ஜினில் இந்த நேரக் கணக்கை மெக்கானிக் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. தயாரிப்பாளர் வகுத்ததை உறுதி செய்வது மட்டும்தான் அவர் வேலை.

மயிலாடும்பாறை அண்ணனுக்கு ஹன்சா பற்றித் தெரியுமான்னு எனக்குத் தெரியாது. அன்றைக்குப் புது சிடிஐ மாட்டி முடித்ததும் வண்டி ஒரே உதையில் ஸ்டார்ட் ஆச்சு. நான் பர்ஸை எடுத்தேன். அவர் வாங்கலை.

"இரு தம்பி. ஆறின வண்டி யாருக்கும் ஸ்டார்ட் ஆகும். வருசநாடு வரைக்கும் நல்லா ஓட்டிட்டு வா. சூடா இருக்கும்போதே ஆஃப் பண்ணி, திரும்ப ஸ்டார்ட் பண்ணிப் பாரு. ஆச்சுன்னா வந்து காசு கொடு."

வருசநாட்டில் ஆஃப் செய்தேன். திரும்ப உதைத்தேன். ஆச்சு.